தரையில் நின்ற கடற்போர்

அந்தப் படத்தை நான் கேட்டு வாங்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஆளுயரக் கண்ணாடி. வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறவளிடம் ஆளுயரக் கண்ணாடி இல்லாவிட்டால், வருகிற பெண்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு முதுகு எப்படி இருக்கிறது என்று அவளையே கேட்பார்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவுக்கு நான் திரைச்சீலை, மெத்தை உறை எல்லாம் தைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மாளின் கணவர் கப்பற்படையில் பெரிய பதவியில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் கடல் வாடையே இல்லாத பெங்களூருக்கு வந்து வீடு கட்டி, அங்கேயே காலமாகிவிட்டார். தொண்ணூறுகளின் நடுவில் அந்த அம்மாள் பங்களாவை அடுக்குமாடி கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, வெளிநாட்டில் இருந்த மகனிடம் போய்ச்சேர முடிவு செய்தார். புறப்படுவதற்கு முன் வீட்டில் வேலை செய்த எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மாடிப்படி ஓரத்தில் இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் அந்தப் படம் மாட்டியிருந்தது. அந்த அம்மாளுக்குத் தாய்மொழி கன்னடம். எங்களோடு தமிழில் பேசுவார், நடுநடுவே கன்னடம் கலக்கும்.

“ஆ படம் உனக்கு இஷ்டமா? எடுத்துக்கோ. இந்த மனைல இத்தனை வருஷமா யாரும் அதை நின்னு பாத்ததே இல்ல. நீ ஒருத்திதான் பாக்கறே.”

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் இல்லைங்கம்மா, கண்ணாடியைத்தான் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது? சரிங்கம்மா என்று தலையாட்டிவிட்டேன்.

ஐந்தடி நீளம், மூன்றரை அடி உயரம். துணியில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. சட்டத்தில் பொன் பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்தது. இரண்டு வரிசையாகப் பாய்மரக் கப்பல்கள் நேருக்கு நேர் நின்று சுட்டுக்கொள்கின்றன. நடுவில் ஒரே புகை. ஒரு கப்பலில் தீப்பிடித்திருக்கிறது, இன்னொன்றின் பாய்கள் கந்தலாகிவிட்டன. வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. இது யாருக்கும் யாருக்கும் நடந்த சண்டைம்மா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார்.

“பெரிய ஹிஸ்டாரிக் பேட்டில்னு சொல்வாரு. எந்த வருஷம், யாரு கேப்டன், எல்லாம் சொல்வாரு. நான் ஒருநாளும் காது குடுத்துக் கேக்கலை.”

ஆகவே அது என்ன சண்டை என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆட்டோவில் ஏறாத சைஸ். ஒரு காய்கறித் தள்ளுவண்டிக்காரரைப் பிடித்து, படத்தைப் படுக்கை விரிப்பால் போர்த்தி எங்கள் வீடு இருந்த மர்பி டவுனுக்குக் கொண்டுவந்தோம். என் கணவர் முன்னால் ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால். மூடிக் கொண்டுபோவதைப் பார்த்துச் சாமி படம் என்று நினைத்து, தெருமுனையில் ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் கணவர் மட்டும் முகத்தைச் சாமி ஊர்வலத்தில் போகிறவர் போலவே வைத்துக்கொண்டு நடந்தார்.

நாங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். தமிழ்க் கத்தோலிக்கர்கள், நான்கு தலைமுறையாக அதே தெரு. வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர், தங்கமான மனிதர். ஆனால் சுவர் விஷயத்தில் மட்டும் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை தானே டிஸ்டெம்பர் அடிப்பார். அடித்த பிறகு சுவரைத் தடவிப் பார்ப்பார். ஆணி அடிக்கலாமா என்று நான் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

“ஆணியா? சான்ஸே இல்லம்மா. எங்க வீட்டுல இயேசு படத்தையே நான் ஸ்டூல் மேலதான் வெச்சிருக்கேன். உன் கப்பலுக்கு ஆணி கேக்கறியே, நியாயமா?”

இயேசுவுக்கே இல்லாத ஆணியை நான் எப்படிக் கேட்பேன்? நாலு செங்கல் வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு, படத்தைச் சுவரில் சாய்த்துத் தரையோடு தரையாக நிறுத்தினோம். அதன் அடிச்சட்டம் என் முழங்காலுக்கும் கீழே இருந்தது.

படம் வந்ததும் மற்றதெல்லாம் அதற்கு ஏற்றாற்போல் மாற வேண்டியதாயிற்று. பங்களா திரைச்சீலையில் மிஞ்சிய வெளிர்நீலத் துணியில் சுருக்கு வைத்து ஜன்னலுக்குத் தைத்தேன். தையல் மெஷினைப் படத்துக்கு எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன். பீரோவை உள் அறைக்குத் தள்ளினோம். படத்துக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ரோஜா ஜாடிகள், பலகைக்கு ஒரு லேஸ் துணி. என் கணவர் தம் பங்குக்கு சீரியல் பல்பு மாலை ஒன்றைச் சட்டத்தைச் சுற்றிக் கட்டினார். எரியவிட்டபோது கடற்போர் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் நாளே கழற்றச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கார அம்மாளை ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். அவர் மேலே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கப்பல் படம் வெச்சா வீட்டுக்குள்ள வர்ற மாதிரி இருக்கணுமாம், வெளிய போற மாதிரி இருக்கக் கூடாதாம். இதுல பாதி வருது, பாதி போவுது. நீ என்ன பண்ணுவ?”

“வர்றது வரட்டும், போறது போகட்டும் ஆன்ட்டி” என்றேன்.

அப்போது மகளுக்கு இரண்டரை வயது. அம்மா, ப்பா, பூ, தண்ணி, வேணாம், தூக்கு என்று பத்துப் பதினைந்து வார்த்தை சொல்வாள். மற்ற பிள்ளைகள் இந்த வயதில் பாட்டே பாடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவளுக்கு மூன்று முடிந்ததும் நல்ல இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒன்றில் விசாரிக்கப் போனோம். அடுத்த வருஷம் எல்.கே.ஜி. இன்டர்வியூ, குழந்தையிடம் ஆங்கிலத்தில்தான் கேள்வி கேட்பார்கள், இப்போதிருந்தே வீட்டில் ஆங்கிலத்தில் பேசிப் பழக்குங்கள் என்று அங்கே ஓர் ஆசிரியை சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நின்றது நான்.

எனக்கு ஒரு குணம், எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. ஆங்கிலம் என்றால் ஆங்கிலம் மட்டும். அன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே மகள் காதில் தமிழ் விழக்கூடாது என்று சட்டம் போட்டேன். குடியாத்தத்தில் பத்தாவது வரை தமிழில் படித்தவள் நான். அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் புரிந்தும் புரியாமலும் இளித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த இளிப்பு எனக்கே பிடிக்காது. என் மகள் ஒருத்தர் முன்னாலும் அப்படி நிற்கக் கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது. அந்த வைராக்கியம் தப்பு என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. நான் போன வழிதான் தப்பு.

கம். சிட். ஈட். பாத். ஸ்லீப். நோ. டோன்ட் டூ. என் ஆங்கிலம் இவ்வளவுதான். என் கணவரிடம் இதைவிட ஐம்பது வார்த்தை கூடுதலாக இருந்திருக்கும். அதுவும் முக்கால்வாசி அவர் வேலை பார்த்த கம்பெனியின் மெஷின் பார்ட்ஸ் பெயர்கள். அவர் மாலையில் வந்ததும் “ஃபுட்?” என்பேன். “ஃபுட்” என்பார். கொஞ்ச நேரம் கழித்து, “சால்ட் லெஸ்” என்பார். “சாரி” என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவரை ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுகிறேன். அதற்கு ஆங்கிலம் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. அதனால் கைதட்டிக் கூப்பிட்டேன். சண்டை போடவும் வழியில்லை. கோபம் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்த் தமிழில் சண்டை போட்டுவிட்டு, இறங்கி வந்து “டீ?” “டீ” என்று ஆரம்பிப்போம்.

முன்பெல்லாம் மெஷின் மிதித்துக்கொண்டே நான் வாய் ஓயாமல் பேசுவேன். ஊசியோடு பேசுவேன், நூல் அறுந்தால் நூலைத் திட்டுவேன், மகளைக் குளிப்பாட்டும்போது அவள் கால் விரல் ஒவ்வொன்றையும் கொஞ்சுவேன். கால் விரலைக் கொஞ்ச எனக்கு ஆங்கிலத்தில் என்ன தெரியும்? “லெக். வாஷ்.” அவ்வளவுதான். ரேடியோவை மூட்டை கட்டி மேலே போட்டேன். தெருவில் விட்டால் தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசுவார்கள், குழந்தை குழம்பிப்போகும் என்று அவளை வெளியே அனுப்பவில்லை. ஆன்ட்டியிடம் போய், அவளிடம் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எனக்கு இங்கிலீஷ்ல ஜெபம் பண்ணத்தான் வரும். வேணும்னா நான் வாயத் தச்சுக்கறேன் தாயே” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் மாடிக்கு வரவில்லை.

மகள் பேசிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து வார்த்தையும் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. பூ போயிற்று, தண்ணி போயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் கொண்டுவந்து என் காலில் இடிப்பாள். “சே வாட்டர்” என்பேன். என் வாயையே பார்ப்பாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். தாகத்தோடு போய் உட்கார்ந்த குழந்தையை நான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை.

நாளில் பாதி நேரம் அவள் அந்தப் படத்துக்கு முன்னால்தான் இருந்தாள். சம்மணம் போட்டு, முகத்தைத் துணிக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு உட்காருவாள். கப்பல் பார்க்கிறாள் என்று நினைத்தேன். “ஷிப்” என்று நின்றபடியே காட்டுவேன். “ஃபயர்” என்பேன். அதற்குமேல் அந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஆங்கிலத்தில் எதுவும் தெரியாது. அவள் நான் காட்டுகிற பக்கம் திரும்புவதே இல்லை.

அடுத்த வருஷ இன்டர்வியூவில் அட்டையில் ஒரு பந்தைக் காட்டி என்னவென்று கேட்டார்கள். மகள் என் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். ஆப்பிளைக் காட்டினார்கள், பூனையைக் காட்டினார்கள். முந்தானையை விட்டு அவள் வெளியே வரவே இல்லை. அந்த ஆசிரியை கோபப்படவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒரு தடவை காது டெஸ்ட் பண்ணிடுங்கம்மா. எதுக்கும் பாத்துடறது நல்லது” என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வேறு நாளாக இருந்தால் என் கணவர், “இப்ப என்ன, கப்பலா கவுந்து போச்சு?” என்று கேட்டிருப்பார். மகள் பக்கத்தில் இருந்ததால் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “வாட்? வாட்?” என்று என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என் முதுகுக்குப் பின்னால் படத்தில் நிஜமாகவே இரண்டு கப்பல் கவிழ்ந்துகொண்டிருந்தது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழக்கூட இல்லை.

டாக்டரிடம் பதினைந்து நாள் கழித்து நேரம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதினைந்து நாளும் நான் பைத்தியம் பிடித்தவள் மாதிரி திரிந்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் போய் எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவேன். திரும்பிப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும். தட்டு பெரிய சத்தமாயிற்றே, அதனால் கேட்டிருக்கும் என்று மறுபடி சந்தேகம் வந்து ஸ்பூனைப் போடுவேன். திரும்புவாள். அப்புறம் ஊக்கைப் போட்டுப் பார்ப்பேன். குழந்தைக்குக் காது கேட்கவில்லையா, மூளையில் ஏதாவதா, இனி வாழ்நாளெல்லாம் அவள் வாயிலிருந்து ஒரு சொல் கேட்காமலே இருக்கப்போகிறேனா என்று இதுவே ஓடிக்கொண்டிருந்தது. தைக்கிற துணியில் கழுத்தைக் கையாக வெட்டினேன்.

அப்படி ஒரு மத்தியானம் குண்டூசி டப்பா கை தட்டி விழுந்துவிட்டது. குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு குண்டூசி தரையில் கிடந்தாலும் ஆபத்து. காந்தத்தை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, தரையைத் துழாவிக்கொண்டே எதிர்ச்சுவர் வரை போனேன். லேஸ் துணிக்கு அடியில் சில ஊசிகள் போயிருந்தன. ரோஜா ஜாடியை நகர்த்திவிட்டு அநேகமாகப் படுத்தே கையை நீட்டினேன். தலையைத் தூக்கியபோது என் முகத்துக்கு நேராகப் படத்தின் அடிப்பாகம் இருந்தது. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் அவள் உயரத்திலிருந்து அந்தப் படத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த உயரத்தில் கப்பலே இல்லை. புகையும் நெருப்பும் எங்கோ மேலே இருந்தன. அடியில் தண்ணீர், தண்ணீர் முழுக்க ஆட்கள். ஒன்றரை வருஷமாக வீட்டில் இருக்கிற படம், தினமும் தூசி தட்டியிருக்கிறேன், ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை. உடைந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவன். ஒரு கை மட்டும் வெளியே தெரிய இன்னொருவன். சின்னப் படகு ஒன்றிலிருந்து ஓர் ஆள் இடுப்பு வரை வெளியே சாய்ந்து கையை நீட்டுகிறான். அவன் விரலுக்கும் தண்ணீரில் கிடப்பவனின் விரலுக்கும் நடுவே ஒரு குண்டூசி அளவு இடைவெளி. தண்ணீரில் கிடந்தவனுக்குச் சின்ன வயது. வாயைத் திறந்திருந்தான்.

எனக்குச் சட்டம் மறந்துபோயிற்று.

“ஐயோ, யாரு பெத்த பிள்ளையோ! தண்ணியில விழுந்துட்டானே! இன்னும் கொஞ்சம் எட்டுடா சாமி, எட்டிப் புடிடா… தோ இவன் கை நீட்றான் பாரு. இவன் நல்லவன். விட மாட்டான். இத்தன பேரு சுட்டுக்கினு நிக்கறானுங்க, இவன் ஒருத்தன்தான் கை குடுக்கறான் பாரு கண்ணு…”

பேசிக்கொண்டே போனேன். என்னென்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. ஒரு வருஷத்துப் பேச்சு வாயில் தேங்கிக் கிடந்திருக்கிறது, கொட்டியது. எதேச்சையாகத் திரும்பினேன். மகள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூர் போன ஆள் திரும்பி வந்தால் ரயில்வே ஸ்டேஷனில் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. அப்புறம் மெதுவாக ஒரு விரலை நீட்டித் தண்ணீரில் கிடந்த பையன்மேல் வைத்தாள்.

“தூக்கு” என்றாள்.

என் கையைப் பிடித்து இழுத்து அவன்மேல் வைத்தாள்.

“தூக்கு மா. தூக்கு.”

தன்னைத் தூக்கச் சொல்லி முன்பெல்லாம் அவள் சொல்கிற சொல். நான் அவளிடமிருந்து பறித்துவிட்ட சொற்களில் ஒன்று. இப்போது அவனுக்காகக் கேட்டாள். “தூக்கிடுவாங்க கண்ணு, தூக்கிடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே நான் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். சத்தம் கேட்டு, ஏதோ விபரீதம் என்று ஆன்ட்டி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கோபமெல்லாம் அந்த வாசற்படியிலேயே போயிற்று. தரையில் ஊசிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“பேசினா ஆன்ட்டி” என்றேன்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி, மீதி ஊசிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மாலையில் என் கணவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும், “ஏங்க!” என்று கத்தினேன். மனிதர் படியிலேயே நின்றுவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்புறம் சொன்னார். நடந்ததைச் சொன்னேன், தமிழில், மூச்சுவிடாமல். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். மகள் போய் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கு மூன்று பேரும் அப்படியே தரையில் கிடந்து ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் வைத்தோம். தொப்பிக்காரன், மரக்கட்டைக்காரன், மீசைக்காரன். எந்த நாட்டுக்காரன், எந்தப் பக்கத்துக்காரன் என்று எங்களுக்குத் தெரியாது. மகளுக்கு அது தேவைப்படவும் இல்லை. தண்ணீரில் இருக்கிற எல்லோரையும் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகிற நாளுக்குள் அவளிடம் ஏழெட்டு வார்த்தை சேர்ந்துவிட்டது. இருந்தாலும் போனோம். காதுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். பிறகு ஒரு லேடி டாக்டர் எங்களை உட்காரவைத்து, வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டார். என் கணவர் குற்றவாளி மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தார். டாக்டர் எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“கால்ல கல்லு இடிச்சுக்கிட்டா என்னம்மா சொல்லுவீங்க?”

“ஐயோ அம்மான்னு…”

“அந்த பாஷைலயே பேசுங்க. உங்களுக்கு வாய் நெறைய எது வருதோ, அதுலதான் குழந்தைக்குக் காது நெறையும். தெருவுல கன்னடம் கேக்கட்டும், உருது கேக்கட்டும், ஒண்ணும் ஆகாது. இங்கிலீஷ் ஸ்கூல்ல வந்துடும். அதுக்கு நான் கேரன்டி.”

சில பிள்ளைகள் தாமாகவே தாமதமாகப் பேசும், எல்லாப் பழியையும் நீங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். எனக்கு அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பெயர்கூட இப்போது நினைவில்லை. ஆனால் இன்றும் காலில் எதையாவது இடித்துக்கொண்டால் அந்த டாக்டரம்மா முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு திரும்பிய வேகத்தை என்ன சொல்ல! ரேடியோ மூட்டையிலிருந்து இறங்கியது. மகள் தெருவுக்கு இறங்கினாள். ஆன்ட்டி தினமும் மாடிக்கு ஏறினார். அவருக்கு நான் தமிழில் மன்னிப்பு கேட்டேன். “போடி, உன் சட்டமும் நீயும்” என்று என் முதுகில் ஒன்று வைத்தார். வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் மறுநாள் காலையில் சுத்தியலும் கையுமாக வந்து நின்றார்.

“படம் குழந்தைக்கு ராசியான படம்மா. தரையில வெக்கறது மரியாதை இல்ல. எங்க அடிக்கணும்னு சொல்லு, நானே அடிக்கறேன். ஒரே ஒரு ஆணி.”

அவர் அந்தச் சுவரைப் பார்த்த பார்வையில், அது எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்குத் தெரிந்தது. வேண்டாம் அங்கிள், அது கீழேயே இருக்கட்டும் என்றேன். முதலில் நான் கேட்டபோதே அவர் சரி என்று சொல்லியிருந்தால், படம் என் தலைக்கு மேலே போயிருக்கும், அந்தப் பையனை மகள் பார்த்தே இருக்க மாட்டாள். அந்த முரட்டுப் பிடிவாதத்துக்கு அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. சுவர் தப்பித்ததே என்று சந்தோஷமாகச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார்.

பங்களா அம்மாளுக்கு எழுதவேண்டும் என்று பல தடவை நினைத்தேன். விலாசம் இல்லை. அவர் கணவர் ஆசையாகச் சொல்லியும் யாரும் காது கொடுத்துக் கேட்காத அந்தப் படத்தின் முன்னால் ஒரு குழந்தை உட்கார்ந்து வாய் திறந்தது என்று சொன்னால் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரப் படக்காரர் போரைப் பெரிதாக வரைவதற்குக் கூலி வாங்கிக்கொண்டு, அடியில் ஒரு மூலையில் ஒருத்தன் ஒருத்தனுக்குக் கை கொடுப்பதை வரைந்து வைத்தாரே, அவருக்கும் ஒரு கும்பிடு போட்டிருக்கிறேன். பெயர் தெரியாத ஆட்களுக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல.

மகளை அந்தப் பெரிய பள்ளியில் சேர்க்கவில்லை. பக்கத்துத் தெருவில் சர்ச்சை ஒட்டி ஒரு சின்னப் பள்ளி இருந்தது. அங்கே டீச்சர் அவளிடம் தமிழிலேயே பெயர் கேட்டார். பெயரைச் சொல்லிவிட்டு, காலையில் உப்புமா தின்றதையும் அப்பா குறட்டை விடுவதையும் சேர்த்துச் சொன்னாள். ஒரே வருஷத்தில் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு உருது, டீச்சரிடம் ஆங்கிலம் என்று வெளுத்து வாங்கினாள். வாயை மூடு என்று நானே அதட்டுகிற நாளும் வந்தது. அதட்டிவிட்டு உடனே பயந்துபோய், இல்ல கண்ணு, பேசு பேசு என்பேன்.

அவள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது குடியாத்தத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். வந்தவுடன் படத்தைப் பார்த்து, இது என்னடி சண்டைப் படத்தை நடு ஹாலில் வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. எனக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது. தோசை வார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். எங்கே பெருமூச்சு விடுவது, எங்கே கண்ணைத் துடைப்பது என்பதுகூட எனக்குப் பாடம். பங்களா அம்மாள் கொடுத்தது, வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடாதது, டாக்டர் சொன்னது என்று ஒருத்தர் விடாமல் புகழ்ந்துகொண்டே வந்தேன்.

“ஒரு வருஷம்க்கா. முழுசா ஒரு வருஷம் இவ வாயே தொறக்கல. இவ பேசவே மாட்டாளோன்னு நான் செத்துச் செத்துப் பொழச்சேன்.”

மகள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, ஒரு கணக்கைத் திருத்துகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்:

“இல்ல பெரிம்மா. அம்மாதான் பேசல. ரொம்ப நாளு பேசவே இல்ல. அம்மா எப்ப பேசுவாங்கன்னு நான் பாத்துக்கினே இருந்தேன்.”

சொல்லிவிட்டு, இன்னொரு தோசை கேட்டாள். நான் கரண்டியில் மாவை எடுத்து அவளுக்கு இன்னொன்று வார்த்தேன். கண்ட கண்ட பேருக்கெல்லாம் நன்றி சொல்லித் திரிந்த நான், ஒரு வருஷம் என் வாயையே பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தவளுக்கு அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.